பெட்டியில் இன்னொரு தேதியும் வேண்டும்

புது போன் வாங்கினால் பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த மாதம், எந்த வருடம் தயாரித்தது, அதிகபட்ச சில்லறை விலை எவ்வளவு, யார் தயாரித்தது, புகார் சொல்ல எந்த எண் என்று எல்லாம் அதில் இருக்கும். கம்பெனிகள் ஆசைப்பட்டு அச்சடித்தவை அல்ல இவை. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள் கட்டாயம் என்று சொல்வதால் அச்சடிக்கிறார்கள். அந்த ஸ்டிக்கரில் இன்னும் ஒரு வரி வர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இந்த போனுக்கு எந்தத் தேதி வரை செக்யூரிட்டி அப்டேட் கொடுப்போம், எந்தத் தேதி வரை டிஸ்ப்ளேயும் பேட்டரியும் ஸ்பேராகக் கிடைக்கும் என்ற வரி. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிற மாதிரி, வாங்குகிறவர் கண்ணில் படும்படி போட வேண்டும்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், விளம்பரத்தில் காட்டும் போன் வேறு, வாரண்டி அட்டையில் இருக்கும் போன் வேறு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அது சீக்கிரமே தெரிந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை கடற்கரை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே நிற்காத ஊர்கள். இந்தப் பக்கம் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறையில் விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். இந்த ஜனங்களிடம் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் நம்பித்தான் வாங்குவார்கள்.

என் மச்சான் முட்டத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். விளம்பரத்தில் போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி எடுத்துக் காட்டினார்கள் என்பதற்காகவே, நினைத்த பணத்துக்கு மேலே கொஞ்சம் போட்டு அந்த மாடலை வாங்கினார். ஒருநாள் அலை தெறித்து நனைந்தது. துடைத்து வைத்துவிட்டு, கரைக்கு வந்ததும் சார்ஜ் போட்டார். அன்றைக்கு ஏறியது. அடுத்த நாள் ஏறவில்லை. வாரண்டி மிச்சம் இருந்ததால் நாகர்கோவிலில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் சிம் டிரேயை வெளியே இழுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு பொடி ஸ்டிக்கர் சிவந்து போயிருந்தது. ஈரம் பட்டால் நிறம் மாறுவதற்கென்றே கம்பெனி அதை ஒட்டி அனுப்புகிறது.

“உள்ளே வெள்ளம் போயிருக்கு அண்ணா, வாரண்டியில வராது. போர்டு மாத்தணும்.”

“வெள்ளத்துக்குள்ள முக்கித்தானே மக்ளே விளம்பரத்துல காட்டினாவ?”

அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. மேலே இருந்து கொடுத்த விதியை அவர் வாசிக்கிறார், அவ்வளவுதான். போர்டு மாற்ற அவர்கள் சொன்ன தொகை போன் விலையில் பாதிக்கு மேல்.

தண்ணீர் தாங்கும் என்று காட்ட விளம்பரத்தில் போடும் இந்த ஐபி68 என்பது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணீருக்கு. சோதனை நடப்பது லேபில், புத்தம்புது போனில், அசையாமல் கிடக்கும் நல்ல தண்ணீரில். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் 1.5 மீட்டர், 30 நிமிடம். கடல் தண்ணீர் அந்தச் சோதனையில் கிடையாது. இப்போது ஐபி69 என்று ஒன்றையும் பெரிதாகப் போடுகிறார்கள். அது 80 டிகிரி வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சிப் பார்க்கும் சோதனை, அதிலும் உப்பு இல்லை. போதாததற்கு, போனைச் சுற்றி உள்ளே இருக்கும் பசையும் ரப்பரும் நாள்பட நாள்பட, கீழே விழ விழத் தளரும். இந்தப் பாதுகாப்பு நிரந்தரமல்ல, தண்ணீரால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று ஆப்பிளே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. எழுதுவது ஓரத்தில், காட்டுவது நடுவில். அதுதான் பிரச்சினை.

இதைக் கேட்டுத் தண்டித்த நாடுகள் இருக்கின்றன. கேலக்ஸி போன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்துவது போல் விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவில் சாம்சங்குக்கு 2022இல் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. நனைந்த போனைச் சார்ஜ் போட்டால் சார்ஜிங் போர்ட் அரித்துப் போகும் என்பதுதான் அந்த வழக்கின் மையம். மச்சானுக்கு நடந்ததும் அப்படியே அதுதான். இத்தாலியில் 2020இல் ஆப்பிளுக்கு இதே மாதிரி தண்ணீர் விளம்பரத்துக்காக 1 கோடி யூரோ. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போடலாம் என்கிறது.

போனை அப்புறம் மார்த்தாண்டத்தில் ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனோம். அந்த அண்ணன் பின்மூடியைச் சூடுகாட்டித் திறந்து, லென்சுக்கு அடியில் வைத்துக் காட்டினார். டைப்-சி போர்ட்டின் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது, இரண்டு பின் அரித்தே போயிருந்தன. உப்பு ஈரம் இருக்கும்போது கரண்ட் பாய்ந்தால் இப்படித்தான் தின்னும் என்றார். பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுச் சுத்தம் செய்து, போர்ட்டை மட்டும் மாற்றினார். சில நூறு ரூபாயில் போன் உயிர்பெற்றது. “ஆனா இனி தண்ணி பட விடாதீங்க, கம்பெனி ஒட்டு போயாச்சு” என்று சொல்லித்தான் கொடுத்தார். விற்றவர்கள் சொல்லாததை ரிப்பேர் செய்தவர் சொன்னார். இதே மாடலுக்கு டிஸ்ப்ளே போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரிஜினல் இப்போதே சரியாக வருவதில்லை, காப்பிதான் என்றார். போன் வந்து இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை.

இனி அப்டேட் விஷயம். இது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை கூகுள் மாதாமாதம் வெளியிட்டு அடைக்கிறது. அந்த அடைப்பை அவரவர் போனுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது போன் கம்பெனி. அது நிறுத்திவிட்டால் போன் ஓடும், ஆனால் ஓட்டை அப்படியே கிடக்கும். உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், அபவுட் போன் அல்லது செக்யூரிட்டி என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும், பாருங்கள். அம்மாவின் போனிலும் பாருங்கள். பென்ஷன் மெசேஜ், பேங்க் ஓடிபி, ஜிபே, வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் பேசுவது எல்லாம் அந்த ஒரு போனில்தான். போன் ரொம்பப் பழசானால் ஆப்களும் கைவிடும். 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 4.4இல் வாட்ஸ்அப் கிடையாது.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வரும் ஆஃபரில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் ஓணம் சமயத்தில் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரை போய் வாங்குகிறோம். நல்ல விலைதான். ஆனால் “3 வருட அப்டேட்” என்று கம்பெனி சொல்லும்போது பெரும்பாலும் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. ஒன்றரை வருடம் முன்பு வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் கையில் மிச்சம் இருப்பது ஒன்றரை வருடம். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார், பல நேரம் அவருக்கே தெரியாது. தேதியாக அச்சடித்திருந்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே எப்படிச் சொல்ல முடியும் என்று கம்பெனிகள் கேட்கலாம். சொல்கிறார்களே! 2023இல் வந்த பிக்சல் 8க்கு கூகுள் 7 வருடம் என்றது. 2024இல் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் 7 வருடம் என்றது. அதெல்லாம் விலை கூடிய போன் என்றால், அதே 2024இல் 20 ஆயிரத்துக்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு 6 வருடம். கம்ப்யூட்டரில் பாருங்கள், விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடியும் என்பது எத்தனையோ வருடம் முன்பே தெரிந்த தேதி. அந்த முடிவு நம் வீடுகளில் நல்லா ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்களை இக்கட்டில் விட்டது உண்மை, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் தேதி சொல்ல முடியாது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

எனக்கு மனசு கேட்காதது இதுதான். குறைந்த விலை போன் வாங்குகிறவர்தான் அதை அதிக வருடம் வைத்திருக்கிறார். அவருக்கு ஒதுக்குவதோ குறைவான வருடம். லட்ச ரூபாய் போன்காரர் இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவார், அவருக்கு 7 வருடம். கட்டாயம் என்று சட்டம் சொன்னால் ஒழிய இது மாறாது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் சாதனத்தைத் தயாரிக்கிற கம்பெனி, குறைந்தபட்சம் எதுவரை செக்யூரிட்டி அப்டேட் தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒருபடி மேலே போனது. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாக வரும் மாடல்களுக்கு, விற்பனையை நிறுத்திய பிறகும் 5 வருடம் அப்டேட், 7 வருடம் ஸ்பேர். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று தரம் போட்ட லேபிளும் உண்டு. அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. நம் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு போர்ட்டல் திறந்தது. 2025இல் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி ஒரு குழுவின் அறிக்கையும் வந்தது. நல்ல காரியம். அது அறிக்கையோடு நிற்காமல் பெட்டியில் ஏற வேண்டும்.

விளம்பர எழுத்தைப் பற்றிப் பேசுவதால், போனில் 8 ஜிபி ராமை “8+8, மொத்தம் 16” என்று விற்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது 8 என்பது ஸ்டோரேஜில் எடுத்துக்கொள்ளும் இடம். ராமின் வேகம் அதில் வராது. ஏஐ என்று எழுதிய வாஷிங் மெஷின், ஏசி எல்லாவற்றிலும் எழுத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். ஏசிக்கு ஸ்டார் லேபிளில் இருக்கும் யூனிட் கணக்கைப் பாருங்கள், போதும்.

இப்போதைக்கு நம்மால் ஆவது: கடையில் வாங்கும் முன் அப்டேட் எந்த வருடம் வரை, தண்ணீர் பழுதுக்கு வாரண்டி உண்டா, சர்வீஸ் சென்டர் நாகர்கோவிலிலேயே இருக்கிறதா, இல்லை திருநெல்வேலிக்கு ஓட வேண்டுமா என்று சத்தமாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனி ஆளிடம் கேட்பார். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுத்தால் சரி. பில்லையும், வாங்கும் அன்றைக்கு வந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதாகி நாம் போய் நிற்கும்போது அந்த விளம்பரம் பெரும்பாலும் அங்கே இருக்காது.