சைக்கிளை விட்டு இறங்கிய சாலை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளானுக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டிகளான எங்களுக்கென்று தனிப்பாதை உண்டு. 1970-களில் போட்டது, மலேசியாவிலேயே முதலாவது. அந்தப் பாதையில் ஏறினாலே தாத்தா ஞாபகம் வந்துவிடும். கிள்ளான் பக்க ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர். தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகியான துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நிற்க வேண்டுமாம். தோட்டத்து எழுத்தரான கிராணி வந்தாலும் அப்படித்தான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படித்த பிறகுதான் புரிந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, இவற்றோடு துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் கேட்டிருக்கிறார்கள்! தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

நான் தினமும் போகும் இந்தச் சாலைக்கு எண் 2. கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, கோலாலம்பூர் வழியாக மலையேறி, குவாந்தான் துறைமுகம் வரை போகிறது. 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் கொண்டிருந்த கிள்ளான் துறைமுகத்தில்தான் நம் ஆட்கள் பலர் கப்பலை விட்டு இறங்கினார்கள். கூட்டரசு நெடுஞ்சாலை வருவதற்கு முன்னால் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பெரிய ரோடு என்றால் பழைய கிள்ளான் சாலைதான். அதன் ஓரத்து இடங்களை அப்பா இன்னும் கட்டைக் கணக்கில், அதாவது மைல் கணக்கில்தான் சொல்வார். நாலரைக்கட்டை என்றால் அவருக்குப் போதும், எனக்குத்தான் கூகுள் மேப் வேண்டும்.

சாலை நெடுகத் தோட்டங்கள் இருந்தன. 1952-இல் ரப்பர்த் தோட்டத்தை அழித்துத்தான் பெட்டாலிங் ஜெயா உருவானது. ஷா ஆலம் எழுந்ததும் சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில்தான். கிளென்மேரியில் தோட்டத்தின் பெயராவது மிச்சம். மற்ற பல இடங்களில் அதுவும் கிடையாது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூர் மாநிலம் கோலாலம்பூரை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. அதன் நினைவாக எல்லையில் கோத்தா டாருல் ஏசான் வளைவு நிற்கிறது. அழகான வளைவு, அது வேண்டும்தான். ஆனால் அதே சாலையில் தினமும் போய்வரும் எனக்கு, 1941-ஐச் சொல்லும் ஒரு பலகைகூட இதுவரை கண்ணில் பட்டதில்லை. ஒரு மாநிலம் நிலம் கொடுத்ததற்கு இவ்வளவு பெரிய அடையாளம். நிமிர்ந்து சைக்கிள் ஓட்டக் கேட்டுச் செத்தவர்களுக்கு ஒரு பலகையும் இல்லையென்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

மணிமண்டபம் கேட்கவில்லை. கிள்ளானுக்குள் நுழையும் இடத்தில், மோட்டார் பாதை ஓரமாக, ஆளுயரத்தில் ஒரு பலகை வைக்கலாம். மலாயிலும் தமிழிலும் நடந்ததை நாலு வரியில் எழுதினால் போதும். காலையில் அந்தப் பாதையில் போகிற பையன்களில் எத்தனையோ பேர் தோட்டத்து ஆட்களின் பேரப்பிள்ளைகள். சிக்னலில் நிற்கிற நேரத்தில் படித்துவிடுவார்கள்.

மாநில அரசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அப்பாவும் கையெழுத்துப் போட்டார். தாத்தாவின் தோட்டப் பெயரைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.