கிரேப்ஸ் ஆஃப் ராத்: வெட்டிய காட்சியைவிட மாற்றிய வரிசை

'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, நாவலின் கடைசிக் காட்சியைத் தூக்கிவிட்டார்கள் என்றுதான் குறை சொல்வார்கள். குழந்தை இறந்தே பிறந்த ரோஸ் ஆஃப் ஷேரன் என்கிற இளம்பெண், பட்டினியில் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தாய்ப்பால் கொடுக்கும் இடம். 1940இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இருந்த இருப்புக்கு, யார் எடுத்திருந்தாலும் அது திரைக்கு வந்திருக்காது. அதற்காக இயக்குநர் ஜான் ஃபோர்டைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் வருத்தமெல்லாம் கதையின் வரிசையை மாற்றியதில்தான். ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்து கலிஃபோர்னியா வரும் ஜோட் குடும்பம், ஸ்டைன்பெக்கின் நாவலில் அரசாங்க முகாமில் ஒரு மாதம் மரியாதையோடு வாழ்கிறது. வெந்நீர் உண்டு, கழிப்பறை உண்டு, அவர்களே தேர்ந்தெடுத்த கமிட்டி உண்டு. வேலைதான் இல்லை. அதனால் கிளம்பிப் போகிறார்கள். அதற்கு அப்புறம்தான் பீச் பழத் தோட்டம், கூலிக் குறைப்பு, குடும்பத்தோடு வந்த முன்னாள் போதகர் கேசியின் கொலை, வெள்ளம் எல்லாம். படத்திலோ தோட்டமும் கொலையும் முதலில் முடிந்துவிடுகின்றன, முகாம் பின்னால் வருகிறது. 20ஆவது அத்தியாயத்தில் ஜோட் குடும்பத்தின் அம்மா மகன் டாமிடம் சொல்லும் 'நம்மை யாராலும் அழிக்க முடியாது' என்கிற பேச்சைக் கொண்டுபோய் முடிவில் வைத்துவிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் காட்சியும் பொய்யில்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி நூலகங்களில் 1939இல் தடை செய்யப்பட்ட அளவுக்குக் கோபம் கொண்ட ஒரு புத்தகம், திரையில் ஆறுதல் சொல்லி அனுப்பி வைக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டைக் காலி செய்யும் முன் அம்மா பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் போடுகிறாள். பெட்டியில் ஒரு ஜோடி கம்மல் கிடைக்கிறது. காதருகே பிடித்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாள். வசனமே கிடையாது. கிரெக் டோலண்டின் கேமரா அந்த அரை இருட்டில் அவளை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மாவாக நடித்த ஜேன் டார்வெல்லுக்கு ஆஸ்கார் கொடுக்க இந்த ஒரு காட்சியே போதும். நாவலில் சில வரிகளில் கடந்துபோகும் இடம் இது. இங்கே ஃபோர்டு ஸ்டைன்பெக்கைத் தாண்டிவிட்டார் என்றே சொல்வேன்.

படம் பார்த்தவர்கள் நாவலின் 26ஆவது அத்தியாயத்தையாவது படியுங்கள். முகாமை விட்டுப் போயே ஆக வேண்டும் என்று அம்மா அங்கேதான் சொல்கிறாள். டாமுக்கு அந்த ஒரு மாதத்தில் கிடைத்தது 5 நாள் வேலை. சமையலுக்குக் கொழுப்பு இன்னும் ஒரு நாளைக்கு வரும், மாவு இரண்டு நாளைக்கு, உருளைக்கிழங்கு பத்து. முகாமைப் பின்னால் தள்ளிய படத்தில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.