தபாலில் போன பால்பற்கள்

போன வாரம் என் மகளுக்கு முதல் பால்பல் விழுந்தது. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். நகக்கண் அளவுதான் இருக்கும், அடியில் ஒரு பொட்டு ரத்தம். அதைப் பார்த்ததிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரத்து அம்மாக்களின் நினைப்பாகவே இருக்கிறது.

1958 டிசம்பரில் அந்த அமெரிக்க நகரத்தில் ஒரு குழு பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது: உங்கள் பிள்ளையின் பால்பல் விழுந்தால் தூக்கிப் போடாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள். ஐம்பதுகள் முழுக்க வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்திருந்தன. அதில் உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்க நச்சு மழையோடு புல்லில் இறங்கியது. புல்லை மாடு தின்றது, மாட்டிலிருந்து பாலுக்கு வந்தது. உடம்புக்கு அது சுண்ணாம்புச் சத்து மாதிரிதான் தெரியும். எலும்பிலும் பல்லிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பால்பல் என்று நாம் செல்லமாகச் சொல்கிறோமே, அந்தப் பல்லுக்குள் பால் வழியாகவே குண்டு நுழைந்திருந்தது.

பல்லோடு ஒரு படிவமும் போக வேண்டும். பிள்ளை பிறந்த தேதி, வயிற்றில் இருந்தபோது அம்மா எங்கே வசித்தார், தாய்ப்பாலா புட்டிப்பாலா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். பல் கொடுத்த பிள்ளைக்கு 'என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்' என்று ஒரு பேட்ஜ் வரும். பன்னிரண்டு வருடத்தில் ஏறத்தாழ 3,20,000 பற்கள் சேர்ந்தன. வேலையெல்லாம் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு மேசையில் உட்கார்ந்து, 'நான் ஊட்டிய பாலில் என்ன இருந்தது?' என்ற பயத்தோடு அந்தப் படிவத்தை நிரப்பிய கைகளை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே காலத்தில் மற்ற இடங்களில் என்ன நடந்தது? நெவாடா சோதனைத் தளத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த லாஸ் வேகாஸில் அணுகுண்டின் பெயரில் மதுபானம் விற்றார்கள். விடியற்காலையில் காளான் மேகத்தைப் பார்க்க விருந்து வைத்தார்கள். குண்டு விழுந்தால் தப்பிக்க என்று பள்ளிகளில் பிள்ளைகளை மேசைக்கு அடியில் குனியச் சொல்லிப் பழக்கினார்கள். ஓட்டுக்குள் ஒளியும் ஆமையைக் காட்டி அதற்கு ஒரு படமே எடுத்தார்கள்.

பிகினி என்ற பெயரும் அப்படித்தான் வந்தது. 1946 மார்ச்சில் பசிபிக் கடலில் உள்ள பிகினி என்ற பவளத்தீவின் 167 பேரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, ஜூலையில் அங்கே குண்டு வெடித்தார்கள். சில நாட்களிலேயே பாரிஸில் ஒருவர் தான் வடிவமைத்த நீச்சலுடைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். 1954 மார்ச் 1 அன்று அதே இடத்தில் வெடித்தது ஹிரோஷிமா குண்டைப் போல ஆயிரம் மடங்கு. அந்தச் சனங்கள் இன்றுவரை சொந்த மண்ணில் நிலையாகக் குடியேற முடியவில்லை. பெயர் மட்டும் துணிக்கடையில் தொங்குகிறது. பயப்படுவதில் தவறே இல்லை. இப்படிப் பழகிப்போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, அந்தப் பற்கள் என்ன சொல்லின? சோதனைகள் கூடக் கூட, பிறக்கிற பிள்ளைகளின் பல்லில் ஸ்ட்ரான்சியமும் கூடியிருந்தது. 1963 ஆகஸ்டில் காற்றுவெளியிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச்சோதனை கூடாது என்று மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பற்களால் மட்டும் அது வந்துவிடவில்லை. பிரான்ஸும் சீனாவும் கையெழுத்தே போடவில்லை. மற்றவர்கள் நிலத்தடிக்குப் போய் வெடித்தார்கள். ஆனாலும் பாலில் விஷம் குறைந்தது. அந்த உறைகளுக்கும் அதில் பங்குண்டு என்று மனதார நம்புகிறேன்.

இதெல்லாம் பழைய கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உலகத்தில் இன்னும் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. 2018 ஜனவரி 13 காலையில் ஹவாய்த் தீவு மக்களின் கைபேசிகளில் 'ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல' என்று செய்தி வந்தது. தவறுதலாக அனுப்பியது என்று திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. அந்த 38 நிமிடமும் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அது பழைய கதையா?

2001-இல் ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கைத் திறந்தபோது, பரிசோதிக்காமல் மிஞ்சிய சுமார் 85,000 பற்கள் அங்கே கிடைத்தன. ஒவ்வொன்றும் சின்ன உறையில், பிள்ளையின் விவரம் எழுதிய அட்டையோடு.

பல்லை என்ன செய்யலாம் என்று மகள் கேட்டாள். ஒரு உறையில் போட்டு, அவள் பிறந்த தேதியை எழுதி, என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.