பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்காதீர்கள்

வேலூரில் 2ஆம் வகுப்புக்குப் பிரெஞ்சு எடுப்பவர்களுக்கு, “ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழில் எழுதிக் கொடுத்தால் உச்சரிப்பு தானா வந்துடும்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வராது. தப்பான ஒலிதான் படியும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

பிரெஞ்சில் ரொட்டி, குளியல் இரண்டுக்குமான சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பேன்’. முதல் எழுத்தின் (p, b) வேறுபாடு போய்விடும். கடைசி ‘ன்’னும் அங்கே கிடையாது, உயிரொலி மூக்கில் முடிகிறது, நாக்கு நுனி எங்கும் தொடாது. ‘நல்ல’ என்பதற்கு ஆண்பால் வடிவம் மூக்கொலியில் முடியும், பெண்பால் வடிவத்தில்தான் உண்மையான ‘ன்’ உண்டு. தமிழில் இரண்டும் ‘பொன்’ ஆகிவிட்டால் இலக்கணமே தொலைந்தது.

இத்தனைக்கும் அந்த மூக்கொலி நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பேச்சில் ‘மரம்’ என்னும்போது கடைசியில் உதடு மூடுவதில்லை, ‘மரோ’ என்று மூக்கில் இழுக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘ஹாங்’, ‘நஹீங்’ இருக்கவே இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

‘நீ’, ‘எல்லாம்’ என்பவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்கள் இரண்டும் தமிழில் எழுதினால் ‘தூ’ ஆவதும் இதே கதை. ‘நீ’க்கு, ‘ஈ’ என்று சொல்லவைத்து, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவிக்கச் சொல்லுங்கள். நாக்கு பின்னால் போனால் ‘எல்லாம்’ ஆகிவிடும்.

ஒரு வகுப்புக்கு ஐந்தாறு சொல் போதும்: படம் காட்டுங்கள், கேட்கட்டும், சொல்லட்டும். வாயில் நின்ற பிறகு பிரெஞ்சு எழுத்தையே காட்டுங்கள்.