சேர்க்கை கூடிவிட்டது, பாடம் நடத்த ஆள் வேண்டும்

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பதாக ஒரு கட்டுரை படித்தேன். அது சொல்வது உண்மைதான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நம் சேர்க்கை விகிதம் (18-23 வயதினர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்கள்) 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை, தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று பல வருட உழைப்பு இதில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் என்ன பெரிய தொகை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் தெருவில் ஒரு பெண் ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அதில்தான் சமாளிக்கிறாள். வீட்டில் யாரிடமும் கை நீட்டுவதில்லை. படித்தது போதும் என்று சொல்ல யாருக்கும் இப்போது வாய் வரவில்லை.

ஆனால் அவள் படிக்கும் அரசுக் கல்லூரியில் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள்தான், அதாவது தற்காலிக ஆசிரியர்கள்தான், பாடம் நடத்துகிறார்கள். நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு, பிஎச்.டி. எல்லாம் முடித்தும் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். ஆசிரியர் பணியிடம் மட்டுமல்ல, தலைமைப் பதவியும் இப்படித்தான்: சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவி காலியான பிறகு நெடுநாள் ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகம் பார்த்தது. புதுக் கட்டடங்கள் அப்புறம் வரட்டும், முதலில் நிரந்தரப் பணியிடங்களை நிரப்புங்கள்.