529 பணம் முழுவதற்கும் அபராதம் என்பது பொய்

529 என்பது பிள்ளைகளின் படிப்புக்காக அமெரிக்காவில் போடுகிற வரிச் சலுகைச் சேமிப்புக் கணக்கு. "பிள்ளை காலேஜ் போகவில்லை என்றால் 529 கணக்கில் போட்ட மொத்தப் பணத்துக்கும் வரி, அதற்கு மேல் 10 சதவீத அபராதம்" என்று அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. நீங்கள் போட்டது மத்திய வருமான வரி ஏற்கெனவே கட்டிய பணம், அதற்கு மறுபடி வரி கிடையாது. வரியும் அபராதமும் அது ஈட்டிய லாபத்துக்கு மட்டும்தான்.

சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 30,000 டாலர் போட்டது 40,000 ஆகியிருக்கிறது, அதிலிருந்து கார் வாங்க 8,000 எடுக்கிறீர்கள். கணக்கில் கால் பங்கு லாபம் என்பதால், எடுத்ததிலும் கால் பங்கு, அதாவது 2,000தான் லாபம். அபராதம் 200 டாலர், 800 இல்லை. அந்த 2,000க்கு வருமான வரி தனி. (போட்டபோது வாங்கிய மாநில வரிச் சலுகையைச் சில மாநிலங்கள் திருப்பிக் கேட்கும், இதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.)

படிப்புச் செலவுக்கே எடுத்தால் லாபத்துக்கும் மத்திய வரி இல்லை. ஃபீஸ், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் சேரும். பாதி நேரமாவது படிக்கிற பிள்ளை என்றால் தங்குமிடமும் சாப்பாடும் சேரும், ஆனால் வெளியே வீடு எடுத்தால் கல்லூரி அதற்குக் கணக்கிட்டிருக்கும் தொகை வரைதான். விமான டிக்கெட் சேராது. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அந்த அளவுக்கு எடுப்பதற்கு அபராதம் இல்லை, லாபத்துக்கு வரி உண்டு. மிச்சத்தைத் தங்கை பேருக்கு மாற்றலாம். அப்புறம், 15 வருடம் தாண்டிய கணக்கு என்றால், 2024 முதல் மொத்தம் 35,000 டாலர் வரை, பிள்ளையின் ரோத் ஐஆர்ஏ என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கும், அதன் வருட வரம்புக்குள், கொண்டுபோகலாம்.