குழந்தையை அப்படியெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துண்டில் சுற்றிய பச்சைக்குழந்தையின் படம், "குழந்தை இல்லாத தம்பதியர் உடனே அழைக்கவும்" என்று ஒரு கைபேசி எண். இது சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள் என்று கீழே எழுதினேன். நாங்கள் மகளைத் தத்தெடுத்தவர்கள் என்பதால் வந்த பதில்: "உனக்குக் கிடைத்துவிட்டது, அடுத்தவருக்குக் கிடைப்பதைக் கெடுக்கிறாய்." அதற்கு லைக் போட்டவர்களில் என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்களும் உண்டு. சரி.

கண்டெடுத்த குழந்தையை நேரடியாக யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. வாங்கவும் முடியாது. எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் முடியாது. 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கோ 1098-க்கோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். படத்தைப் போட்டு அடையாளம் காட்டுவதே தப்பு. குழு முதலில் பெற்றவர்களைத் தேடும். அந்தக் குழந்தை கடத்தப்பட்டதாக இருக்கலாம், எங்கோ ஒரு தாய் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டிருக்கலாம். தேடியும் யாரும் வராவிட்டால்தான் தத்துக்கொடுக்கலாம் என்று அறிவிப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதற்கு இரண்டு மாதம் வரை ஆகும். தாயே வந்து ஒப்படைத்திருந்தால், அவள் மனம் மாறித் திரும்பி வருவதற்கும் இரண்டு மாத அவகாசம் உண்டு.

"இதற்கெல்லாம் வருடக்கணக்காகிறதே?" ஆகிறது. நாங்களும் காத்திருந்தோம். தத்தெடுப்புக்கான அரசின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிந்து, ஹோம் ஸ்டடிக்கு, அதாவது எங்கள் வீட்டுச் சூழலை விசாரிக்க, வந்த சமூகப் பணியாளரிடம் குழந்தை எங்கே படுக்கும் என்பது முதல் சம்பளம் வரை சொல்லி, என் மாமியாரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக இருந்தோம். கைக்குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் ஏராளம், தத்துக்குத் தயாரான கைக்குழந்தைகள் குறைவு. ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் காப்பகங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பவர் அரிது. இந்த வரிசையை மீறி ஒருவர் குழந்தை வாங்கினால் அது விற்பனை. வேறு பெயரில்லை.

"அந்தக் காலத்தில் அக்கா பிள்ளையைத் தங்கை வளர்த்தாளே?" வளர்த்தாள். பெற்றவள் யார் என்று ஊருக்கே தெரியும். உறவுக்குள் தத்தெடுக்க 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டமும் வழி தருகிறது. கைபேசி எண்ணுக்கு அழைத்து வாங்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு? 2019-இல் ராசிபுரத்தில் சிக்கிய குழந்தை விற்பனை மறந்துவிட்டதா? 2021-இல் மதுரையில் ஒரு காப்பகம், கொரோனாவில் இறந்ததாகக் கணக்குக் காட்டிய குழந்தையை விற்றிருந்தது. போலீஸ் மீட்டபோது வாங்கியவர்கள் வீட்டிலிருந்துதான் தூக்கிப் போனார்கள். சட்டத்துக்குப் புறம்பாகத் தத்தெடுத்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

"தத்தெடுப்பு மையத்தில் பணம் பிடுங்குவார்கள்" என்பவர்களுக்கு ஒன்றுதான்: கட்டணம் விதியிலேயே இருக்கிறது, ரசீது தருகிறார்கள்.

எங்கள் மகளின் மருத்துவ அறிக்கை வந்தபோது முடிவு சொல்ல 48 மணி நேரம்தான். மையத்துக்குப் போன அன்று, அங்கே அவளை வளர்த்த அக்கா, "இவளுக்குக் காது மடலைத் தடவினால்தான் தூக்கம் வரும்" என்று தன் கையால் தடவிக் காட்டினார். பால் எந்தச் சூட்டில் வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார். பிறகு ஆட்சியர் கையெழுத்திட்ட ஆணை, எங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ். இரண்டு வருடங்களுக்கு, ஆறு மாதத்துக்கொரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாளை யாரும் வந்து இவளை எங்களிடமிருந்து பறிக்க முடியாது. அந்த நிம்மதியை "கெடுக்கிறாய்" என்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதைவிடக் கொடுமை, அந்தப் பதிவின் கீழே பெற்றவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பது. ராட்சசியாம், தூக்கில் போட வேண்டுமாம். வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாநிலம் இது. வளர்க்க முடியாதவள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம், அவள் விவரம் ரகசியமாக இருக்கும் என்று அவளுக்கு யாராவது சொன்னீர்களா? பிரசவமான உடம்போடு எங்கே கிடக்கிறாள், யாராவது சோறு போட்டார்களா என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அப்பன் யார் என்றும் யாரும் கேட்கவில்லை.

என் மகளைப் பெற்றவளையும் இப்படித்தான் பேசியிருப்பீர்கள். என் பக்கத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். எழுதினால் நீக்குவேன், உறவுக்காரராக இருந்தாலும் சரி.